ராஜஸ்தான் அத்தை

கோடை விடுமுறை விட்டால் கும்மிடிப்பூண்டிக்குப் பொருட்காட்சி வந்துவிடும். கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய பொட்டலில் லாரி லாரியாக இரும்புக் கம்பிகளும் தகரங்களும் வந்து இறங்கும். சில நாட்களில் அங்கே ஒரு செங்கோட்டை எழும்பி நிற்கும், துணியும் தகரமுமாக. அதன் வாசலுக்குள் நுழைந்தால் இந்தியா முழுவதும் வரிசையாகக் கடை விரித்திருக்கும். ஊரே வெந்துகொண்டிருக்கும் அந்த வெயில் காலத்தில் காஷ்மீர்க்காரர் ஒருவர் கம்பளிச் சால்வையை உதறிக் காட்டுவார். எங்கள் ஜனங்களும் வாங்கப்போகிறவர்களைப் போலவே அதைத் தடவிப் பார்த்து, "சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு கூட்டமாக வந்து, தங்கள் ஊர்ப் பலகாரக் கடை முன்னால் மட்டும் நெடுநேரம் நிற்பார்கள். ஆந்திராப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் ராட்டினத்தில் ஏறித் தெலுங்கில் அலறுவார்கள். ராட்டினம் உச்சிக்குப் போனதும் தமிழ், தெலுங்கு எல்லாம் ஒரே அலறலாகிவிடும்.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த வருஷம் அது. எங்கள் ஊர் கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மா, நான், அத்தை மூன்று பேரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பொருட்காட்சிக்குப் போனோம். கம்பெனியில் அப்பாவுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். அதனால் அவர் வரவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி எளாவூருக்குப் போனவள், மாமா லாரியில் அடிபட்டுச் செத்ததும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. எனக்கு அது தெரியாது. பொட்டு இல்லாமல், வெளுத்த புடவையில், கைக்கு ஒரு பிளாஸ்டிக் வளையலோடு இருந்ததால், அத்தையையும் பெரிய மனுஷிகளோடு சேர்த்து வைத்திருந்தேன். அவள் வெளியே வருவதென்றால் ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு மட்டும்தான். அன்று அவளைக் கிளப்பியது அம்மா. "புள்ளையப் புடிச்சிக்கினு வர ஆளு வேணும். என்னால கூட்டத்துல ஓட முடியாது" என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னாள்.

உள்ளே ஒரு போட்டோ கடை இருந்தது. பின்னால் ஒட்டகமும் கோட்டையும் வரைந்த படுதா. பக்கத்தில் கயிறு கட்டிப் பல மாநில உடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொண்டு நின்றால் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அங்கேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் படம் எடுப்பார், அவருடைய மனைவி உடுத்திவிடுவார். இருவரும் வடக்கத்திக்காரர்கள், வருஷா வருஷம் இந்தப் பக்கம் வந்து போவதில் ஓரளவு தமிழ் கற்றிருந்தார்கள்.

ராஜஸ்தான் பாவாடை வேண்டுமென்று அழுது அடம்பிடித்தது நான்தான். அம்மா பணத்தைக் கட்டிவிட்டாள். கண்ணாடிச் சில்லுகள் வைத்துத் தைத்த சிவப்புப் பாவாடையை அந்த அம்மாள் எடுத்துவந்தபோது, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் நிற்பதைக் கவனித்துவிட்டேன். அவ்வளவுதான். மாட்டேன் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா கிள்ளினாள், கெஞ்சினாள். கட்டிய பணம் திரும்ப வராது என்று கடைக்காரர் கையை விரித்தார்.

"நீயாவது போட்டுக்கோயேன்" என்றாள் அம்மா அத்தையிடம்.

"ஐய, நானா? இன்னா அண்ணி நீங்க" என்றாள் அத்தை. ஆனால் அவள் கை ஏற்கனவே அந்தப் பாவாடையின் மேல் இருந்தது.

கடைக்கார அம்மாள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அதில் பெரிய அளவு ஒன்றை எடுத்துக்கொண்டு, அத்தையைப் படுதாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது அத்தை சிவப்பு முக்காடு போட்டிருந்தாள். நெற்றியில் சுட்டி, மூக்கில் பெரிய வளையம், இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளை வளையல்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் சிவப்புக் குழம்பைத் தொட்டு அத்தையின் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். அத்தை திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா உடனே வேறு பக்கம் திரும்பி, மாட்டவேண்டாத பட்டனை என் சட்டையில் மாட்டத் தொடங்கினாள்.

தலையில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்து, இடுப்பில் கையை ஊன்றச் சொன்னார் கடைக்காரர். குடம் நழுவியது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்த மறந்து, பல் தெரியச் சிரித்தாள். விளக்கு பளிச்சென்று மின்னியது.

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். என் காது மடல் சூடாகிவிட்டது. பெரிய மனுஷி ஒருத்தி, அதுவும் என் அத்தை, ஊர் பார்க்க இப்படிக் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பாளா என்று எனக்கு அழுகையே வந்தது.

கிளம்பும் முன் அத்தை தண்ணீர்த் தொட்டியருகே குனிந்து நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். படத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "வேணாம் அண்ணி. ஊட்ல அத எங்க வைக்கிறது" என்றாள். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கடைக்காரருக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. அதைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி கடை வாசலில் மாட்டிவிட்டார். எங்கள் தெருவிலிருந்து போய்வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள்.

"உங்க அத்தைக்குக் கல்யாணமாமே! மாப்ள ராஜஸ்தானா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கே 'ராஜஸ்தான் அத்தை வீடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் விளையாடப் போவதை நிறுத்தினேன். அத்தை தலை வாரிவிட வந்தால் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அவளும் வாசல் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தாள்.

பெரியப்பாவுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததும் அவர் வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். நெல் நிலத்தையெல்லாம் பார்த்துக்கொள்பவர். கோயில் காரியமோ பஞ்சாயத்தோ, அவர் பேசினால் அதுதான் முடிவு. அவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தாலி அறுத்தவ நெத்தியில பொட்டோட ரோட்டுல தொங்கறா. டீக்கடையில என்னையே கேக்கறானுங்க. நான் இன்னா பதில் சொல்றது?" என்று கத்தினார். "இன்னிக்கே போயி அந்தப் படத்தக் கழட்டு. கிழிச்சுப் போட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

"சரிண்ணே" என்றார் அப்பா. எது கடை என்று காட்டுவதற்காக என்னையும் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்.

பகலில் பொருட்காட்சி வேறு மாதிரி இருந்தது. ராட்டினம் அசையாமல் நின்றது. செங்கோட்டைச் சுவரில் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள். போட்டோ கடைக்குப் பின்னால் அந்த அம்மாள் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

நான் கையைக் காட்டினேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

படத்தை நானும் அப்போதுதான் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நெடுஞ்சாலைப் புழுதி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், சரியும் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு சாலையில் போயின. அப்பா திரும்பவில்லை.

கடைக்காரர் எழுந்து வந்தார். "நல்ல போட்டோ சார். இத பாத்துதான் நெறய பேர் வர்றாங்க."

"இவ என் தங்கச்சி" என்றார் அப்பா.

கடைக்காரரின் முகம் மாறியது. எங்கள் ஊர் எதுவும் தெரியாவிட்டாலும், ஓர் அண்ணன் இப்படி வந்து நின்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரமாக ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, படத்தைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார். "தப்பு ஆயிடுச்சு சார். எடுத்துக்கோங்க. காசு வேணாம்."

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிழிக்கப்போகிறார் என்று ஆவலோடு பார்த்தேன். கண்ணாடி போட்ட படத்தை எப்படிக் கிழிப்பார், தரையில் போட்டு உடைப்பாரா என்றுகூட யோசித்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, கண்ணாடியின் மேலிருந்த புழுதியை ஓரம்வரை துடைத்தார். பிறகு படத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் உள்ள தள்ளி மாட்டுங்க. வெயில் பட்டா கலர் பூடும்" என்றார்.

கடைக்காரருக்குப் புரியவில்லை என்று நினைத்து, கையை உயர்த்தி வெயிலையும் படத்தையும் மாறி மாறிக் காட்டினார். கடைக்காரர், வழியில் போகிறவர்கள் கண்ணில் படாத உள்பக்கக் கம்பத்தில் மாட்டினார். படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா எட்டி அதை நேராக்கிவிட்டுக் கிளம்பினார்.

வழியெல்லாம் எனக்குக் கோபமும் அழுகையுமாக இருந்தது. வேப்பமரங்களுக்குப் பக்கத்தில் வண்டி மெதுவானபோது கேட்டேன். "ஏம்ப்பா கிழிக்கல?"

காற்றில் அப்பாவுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டேன்.

"கண்ணுல தூசி" என்று வண்டியை நிறுத்தி, அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரியப்பா சொன்னபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடும் முன்பே கேட்டார். "இன்னாடா, ஆச்சா?"

"கிழிச்சுப் போட்டுட்டேண்ணே."

கொல்லையில் அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் உரசும் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது, முன்னைவிட வேகமாக.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். தம்பியைவிட என்னை அவர் நம்பினார் போலிருக்கிறது. "பாப்பா, நீ சொல்லு. கிழிச்சானா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் அப்பாவை அப்படி ஒரு கோலத்தில் பார்க்கச் சகிக்காமல்தான் தலையை ஆட்டினேன்.

"உம்" என்றார் பெரியப்பா. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாப்பாடு பரிமாறும்போது அத்தை அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிட்டாள். படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேச முடியாமல் பொய் சொல்கிறவர், கைக்கு வந்த படத்தைக் கிழிக்கக்கூடத் துணிச்சல் இல்லாதவர் என்று நான் அப்பாவைப் பற்றி முடிவு கட்டிக்கொண்டேன். அதுவரை எனக்கு வெட்கம் அத்தையால் மட்டும்தான். இப்போது அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

பொருட்காட்சி முடியும்வரை அப்பா வேலை விட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. ஷிஃப்ட் விட்ட நேரத்துக்கும் அவர் வந்து சேரும் நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கேட்டால், முறம் அகலத்துக்கு இருக்கும் டெல்லி அப்பளம் ஒன்றைப் பேப்பரில் சுற்றி நீட்டுவார். மிளகாய்த்தூள் தூவிய அப்பளம், வண்டியில் வந்ததில் பாதி நமுத்துப்போயிருக்கும்.

"தெனம் இன்னா பேஜாரு இது, இதுக்கா அம்மாந்தூரம் போறீங்க?" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

அப்பா சிரித்து மழுப்புவார். அத்தைதான் அதை வாங்கி உடைத்து எல்லோருக்கும் பங்கு வைப்பாள். பெரிய துண்டை அப்பா அவள் பக்கமே தள்ளிவிடுவார். "உங்கப்பா தெனம் பொருட்காட்சியில நிக்கறாருடி" என்று தெருப் பிள்ளைகள் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓர் அப்பளத்துக்காக இப்படி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறாரே இந்த மனுஷர் என்று, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு, என் பங்கைத் தின்றேன்.