பிலோமினா அக்கா மூன்றாம் முறை கேட்கிறார்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு நான் கூட்டரசு நெடுஞ்சாலையில், பெட்டாலிங் ஜெயாவைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கே கார் ஓட்ட வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். காரில் பிலோமினா அக்கா அனுப்பிய ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பாட்டின் நடுவில் கைப்பேசி அடித்தது. எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பு ஆசிரியர் வேலு.

"அண்ணே, காரை ஓரமா நிறுத்துங்க."

"ரோடே நின்னு போய்தான் இருக்கு. சொல்லு லா."

"பிலோ அக்கா போய்ட்டாங்கண்ணே. தூக்கத்துலயே. காலையில மக ரீட்டா போய் எழுப்பியிருக்கு, எழுந்திரிக்கல."

அழைப்பு முடிந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர்ந்தது. வேறு யாருடைய சாவுச் செய்தியாக இருந்தாலும் அதை அணைத்திருப்பேன். ஆனால் ஆல்பத்தைப் பாதியில் நிறுத்துவது பேசிக்கொண்டிருப்பவர் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்று ஒன்பது ஆண்டுகளாக என்னைத் திட்டியவர் அவர்தான். கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டே அழுதேன். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி பிலோமினா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். தகப்பனார் ரயில்வேயில் இருந்தார். இவரும் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் முறையாகப் படித்தவர் இல்லை. மாதா கோயில் பாடகர் குழுவில்கூட அவரைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள், சுருதி அப்படி. ஆனால் கேட்பதில் அவரை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

ஞாயிறு பதிப்பில் 'இப்போது கேட்டுக்கொண்டிருப்பது' என்ற பகுதியை நாங்கள் மூன்று பேர் எழுதிவந்தோம். பிலோமினா அக்கா, செராஸில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ரகு, காப்புறுதி பாலிசி விற்றுப் பிழைக்கும் நான். ஆளுக்கு ஓர் ஆல்பம், ஆளுக்கு நூறு சொல். வெள்ளிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். வேலு அதை வாங்கிக்கொண்டு போவான்.

சட்டங்கள் எல்லாம் அக்கா போட்டவை. ஆல்பத்தை முழுதாக மூன்று முறை கேட்காமல் எழுதக் கூடாது. முதல் முறை சமைத்துக்கொண்டே கேட்கலாம். இரண்டாம் முறை பயணத்தில் கேட்கலாம். மூன்றாம் முறை கேட்கும்போது வேறு எந்த வேலையும் கூடாது, கை சும்மா இருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் தாளின் மேல்மூலையில் பென்சிலால் ஒரு கோடு. மூன்று கோடு இல்லாத தாளை அவர் கையால் தொடமாட்டார்.

நான் சேர்ந்த முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். படித்த காலத்தில் கேட்ட ஒரு பழைய தொகுப்பைப் பற்றி உருகி உருகி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இலையில் ரசம் ஊற்றும்வரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்:

"சிவா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது நீங்க கேக்குற ஆல்பமா, இல்ல நினைச்சுக்கிட்டு இருக்குற ஆல்பமா?"

"ரெண்டும்தான்க்கா."

"கடைசியா எப்ப கேட்டீங்க?"

நான் அப்பளத்தை உடைத்தேன்.

"பழசை நினைச்சு அழறதுக்குப் பேப்பர்ல வேற பக்கம் இருக்கு லா. இந்த ஊருல இந்த மாசம் ஒருத்தன் வீட்டுல மைக் வெச்சுப் பாடி வெளியிட்டிருப்பான். அதை நாம கேக்கலன்னா யாரு கேக்கப் போறா?"

எனக்குக் கோபம் வந்தது. எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் உள்ளூர்ப் பாடகர் ஒருவருடைய ஆல்பத்தை வேண்டாவெறுப்பாகத் திறந்தேன். அந்த வாரம் அதை ஐந்து முறை கேட்டேன் என்பதை அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பார்.

அவர் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து பதினொரு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அவரைக் கவனித்துக்கொண்டேதான் அக்கா இத்தனையும் கேட்டார், எழுதினார். ஒரு காதில்தான் இயர்போன் மாட்டுவார், எப்போதும் வலது காதில். இடது காது வீட்டுக்காரர் கூப்பிட்டால் கேட்பதற்கு. அவர் இறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அது பழக்கம் என்பதே எங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிய வந்த விதம்தான் இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், கிள்ளானை அடுத்த காப்பாரில் லோரி ஓட்டும் முருகையா என்பவர் இணையத்தில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். எட்டுப் பாட்டு. தொலைதூரம் ஓட்டுகிற லோரிக்காரர் ஒருவர் வழியில் நின்று வீட்டுக்குப் பேசுவதுதான் ஆல்பம் முழுவதும். அக்கா அதை எடுத்துக்கொண்டார். குரலைப் புகழ்ந்தார், மெட்டைப் புகழ்ந்தார். கடைசியில் ஒரு வரி எழுதினார்: 'இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், யாரும் பதில் சொல்வதில்லை. அந்த இடைவெளிகளை ஒரு குரலால் நிரப்பியிருந்தால் இது முழுமையான ஆல்பமாகியிருக்கும்.' தாளில் மூன்று கோடும் இருந்தன. நாங்கள் பாராட்டினோம். அச்சானது.

திங்கட்கிழமை முருகையா வேலுவைக் கூப்பிட்டார். சண்டை போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது என்றான் வேலு.

"தம்பி, அந்த அக்காகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. பதில் சொல்ற குரல் இருக்கு. என் வீட்டுக்காரம்மா தேவகி பாடியிருக்காங்க. எல்லாப் பாட்டுலயும். இடது பக்கத்துல."

ஒலிப்பதிவு செய்த நண்பர் முருகையாவின் குரலை முழுக்க வலது பக்கத்திலும் தேவகியின் குரலை முழுக்க இடது பக்கத்திலும் வைத்திருந்தார். இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டால் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதற்கு நடுவில் நாம் உட்கார்ந்திருப்போம். வலது காதில் மட்டும் மாட்டினால் தேவகி அந்த ஆல்பத்திலேயே இல்லை. அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று கூச்சப்பட்டு அவர் சொல்லிவிட்டதால் பெயரும் இல்லை.

அதற்கு முன்னால் தேவகி வீட்டுக்கு வெளியே பாடியதில்லை. கிள்ளானில் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்திருந்தார்கள். பத்திரிகையைப் படித்துவிட்டு அவர் புருஷனிடம், "நான் பாடினது ஒருத்தர் காதுலயும் விழல. அப்புறம் எதுக்கு மேடைக்கு வர்றது? நீங்களே பாடுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

வேலு அன்று மாலையே அவசரமாக எங்களைக் கடைக்கு வரச் சொன்னான். அக்கா மேசையில் கைப்பேசியை வைத்து, இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி, முதல் பாட்டைக் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவரு போய் ஒரு வருஷம் ஆச்சு சிவா. யாரும் கூப்பிடப் போறதில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தக் காதை நான் இன்னும் தொறந்தே வெச்சிருக்கேன்."

அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன். வீட்டுக்காரர் அடக்கத்தன்றுகூட அழாதவர்.

வேலு தேற்றினான். "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா. கீழே மூலையில சின்னதா ஒரு திருத்தம் போட்டுருவோம். இந்தக் காது விஷயமெல்லாம் எழுதாதீங்க. பாட்டைப் பத்தி எழுதுறவங்க பாதிக் காதுல கேட்டாங்களான்னு ஊரே சிரிக்கும்."

"ஆனை சறுக்கினா அது ஆனையோட பாடு தம்பி. நான் சறுக்கினது அந்தப் பொண்ணு மேல விழுந்துருக்கு."

பிறகு எங்கள் இருவர் பக்கமும் திரும்பினார். வரும் ஞாயிறு மூன்று பேரும் அந்த ஒரே ஆல்பத்தைப் பற்றி எழுத வேண்டும், முழுப் பகுதியும் அதற்குத்தான் என்றார். ரகு உடனே தலையாட்டினான், நல்ல பிள்ளை. நான் தலையாட்டவில்லை. அந்த வாரம் நான் எடுத்திருந்த ஆல்பம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, எழுதியும் முடித்திருந்தேன். தப்பு செய்தவர் அவர், என் நூறு சொல்லை நான் எதற்கு விட வேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன்.

"விடவேணாம்," என்றார். "மொதல்ல கேட்டுட்டுச் சொல்லுங்க. மூணு தடவை."

கேட்டேன். இரண்டாவது தடவையிலேயே என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தேவகியின் குரல் உரக்க வராது. அடுப்படியில் நின்றுகொண்டு, புருஷன் எங்கே சாப்பிட்டான் என்று விசாரிக்கிற குரல். ஐந்தாவது பாட்டில் அவர் ஒரே ஒரு வார்த்தையை, 'வாங்க' என்பதை, நான்கு விதமாகப் பாடுகிறார். அதைக் கேட்டுவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் முதல் பாட்டிலிருந்து மறுபடியும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பத்தி இப்படித் தொடங்கியது: 'சென்ற வாரம் நான் பாதி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பு எழுதினேன்.' தன் இடது காதின் கதையை ஒளிக்காமல் எழுதினார். சிரித்தவர்களும் உண்டு. யாரோ ஒருவர், இனிமேல் பாதி விலைக்குப் பத்திரிகை தருவீர்களா என்று வேலுவுக்கு எழுதினார். அக்கா அதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டி, நன்றாகத்தானே கேட்டிருக்கிறார் என்று சிரித்தார்.

அன்றே பத்திரிகையை எடுத்துக்கொண்டு என்னைக் காரோட்டச் சொல்லி காப்பாருக்குப் போனார். தேவகி கதவைத் திறந்ததும், உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே தான் எழுதியதை வாசித்தார். தேவகி முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க கேக்கலன்னு எனக்குக் கோபம் இல்லக்கா," என்றார். "ஒரு குரல் இருந்திருக்கணும்னு எழுதினீங்கல்ல? அந்தக் குரல் நான் இல்லபோலன்னு நானே நம்பிட்டேன். அதான் வருத்தம்."

"நீங்கதான் அந்தக் குரல். எந்த இடத்துல வரணும்னு நான் எழுதினேனோ, சரியா அதே இடத்துலதான் நீங்க வர்றீங்க. பாடாம இருந்துராதீங்க, அம்மா."

தேவகி தேநீர் கலக்க உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து ஐந்தாவது பாட்டின் 'வாங்க' மெல்ல வந்தது. முருகையா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அக்கா இடது பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

விழாவன்று கிள்ளான் மண்டபத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். முருகையா மேடையின் வலது பக்கம், தேவகி இடது பக்கம். முதல் பாட்டில் தேவகி தரையைப் பார்த்துப் பாடினார். ஐந்தாவது பாட்டில் நிமிர்ந்தார். நான்காவது 'வாங்க'வுக்குச் சபை எழுந்து நின்றது. லோரிக்காரர்கள் விசிலடித்தார்கள். அறுபத்து நான்கு வயதில் பிலோமினா அக்காவும் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அந்த விசில் மட்டும் சுருதி சுத்தமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அக்கா வழக்கத்தைவிட உற்சாகமாகக் கடைக்கு வந்தார். தேவகி தனியாக ஓர் ஆல்பம் முடித்திருக்கிறார், இந்த முறை அட்டையில் அவர் பெயர்தான், அவர் படம்தான். வெளிவருவதற்கு முன்னால் அக்காவுக்கு அனுப்பியிருந்தார். "அடுத்த வாரம் இதுதான் நான். யாரும் கை வைக்காதீங்க" என்று மிரட்டிவிட்டு, எங்களுக்கும் அனுப்பிவைத்தார். செவ்வாய்க்கிழமை என் காரில் ஓடியது அதுதான்.

அன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நாங்கள் போனபோது, அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். செபமாலை சுற்றிய கைகள். காப்பாரிலிருந்து முருகையாவும் தேவகியும் வந்திருந்தார்கள். மகள் ரீட்டா ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"அங்கிள், அம்மா கட்டில் பக்கத்துல இருந்துச்சு. எழுதி முடிச்சிட்டாங்க. ஞாயித்துக்கிழமை போட்டுருவீங்கல்ல?"

நூறு சொல்லும் இருந்தன. மேல்மூலையில் கோடு இரண்டுதான் இருந்தது.

வேலு என்னைப் பார்த்தான். ரகு தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். இறந்துபோனவர் எழுதியதைப் போடுவதற்குக் கோடு எண்ணுவார்களா? நாங்கள் எண்ணுவோம். இரண்டு கோட்டோடு அச்சில் போட்டால் அவர் எங்களை மன்னிக்கமாட்டார்.

"மூணாவது தடவை வேற வேல எதுவும் செய்யக் கூடாது," என்றான் ரகு மெதுவாக. "கை சும்மா இருக்கணும்."

எல்லோரும் அக்காவின் கைகளைப் பார்த்தோம்.

ரீட்டா உள்ளே போய் இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்துவந்தார். ஒன்றைத் தலைமாட்டில் வலது பக்கமும் மற்றதை இடது பக்கமும் வைத்தோம். செபம் சொல்ல வந்திருந்த சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் நல்லவர், எத்தனை பாட்டு என்று மட்டும் கேட்டார். ஏழு என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார். முதல் பாட்டு தொடங்கியதும் கூடத்தில் பேச்சு நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தேவகி அக்காவின் இடது பக்கத்தில், தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். யாரும் நடுவில் நிறுத்தவில்லை.

ஏழாவது பாட்டு முடிந்த பிறகு ரீட்டாவிடம் பென்சில் கேட்டு வாங்கினேன். மேல்மூலையில் நான் போட்ட மூன்றாவது கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. தாளை வேலுவிடம் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

போய் வாருங்கள் அக்கா. இந்த ஞாயிறு உங்கள் பகுதி வருகிறது, ஒரு சொல்கூட மாற்றவில்லை. தலைப்பும் எப்போதும் போலத்தான்: பிலோமினா இப்போது கேட்டுக்கொண்டிருப்பது.