மூணாவது பாராவில் ஒரு மெத்தை

எங்க அக்காவுக்கு உட்காரத் தெரியாது. லேப்டாப் சாப்பாட்டு மேசையில் இருக்கும், அவள் அதைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள். ஒரு வரி அடிப்பாள், ஜன்னல் வரை போவாள், திரும்பி வந்து அந்த வரியை அழிப்பாள். கூண்டுப் புலிகூட மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணசரும்.

முன்பு ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில் பார்த்த ஆட்களைப் பற்றித் தன் பிளாகில் எழுதுவாள். டிக்கெட்டைக் காதில் செருகிக்கொள்கிற பெரியவர், தூங்கிக்கொண்டே வந்து சரியான நிறுத்தத்தில் இறங்குகிற நர்ஸ். ஒன்பதாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்ட எனக்கே அதெல்லாம் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை, தலைக்கனம் ஏறிவிடும். ஆபீஸில் ஆள் குறைத்தபோது அவளையும் குறைத்தார்கள். அதிலிருந்து கம்பெனிகள் காசு கொடுத்துச் சொல்வதை எழுதுகிறாள். முதல் ரெண்டு பாராவில் அதே பஸ் ஆட்கள்தான். மூணாவது பாராவில் அவர்களுக்குத் திடீரென்று வாட்டர் ஹீட்டர் தேவைப்படும்.

கம்பெனிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஏஜென்ட். அவருக்கு நான் வைத்த பெயர் ‘சின்னத் திருத்தம்’. எல்லா மெயிலையும் அப்படித்தான் ஆரம்பிப்பார், அப்புறம் மொத்தத்தையும் மாற்றச் சொல்வார்.

போன மாதம் மெத்தை. ‘முதுகுவலிக்கு ஏற்ற சிறந்த மெத்தை’ என்ற வார்த்தைகள் அப்படியே, எழுத்து மாறாமல், ஐந்து இடத்தில் வரணுமாம். நாலு இடத்தில் எப்படியோ திணித்துவிட்டாள். ஐந்தாவதுக்கு மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“முதுகுவலிக்கு ஏற்ற சிறந்த அக்காவே, ஒரு டீ கிடைக்குமா?”

“செருப்பு பிஞ்சிடும்.”

“செருப்பு போன வாரமே எழுதி முடிச்சாச்சே!”

அதற்குள் ஏஜென்டின் மெயில். சொந்த அனுபவமாக இருந்தால் நல்லது, வீட்டில் யாருக்காவது முதுகுவலி உண்டா?

உண்டு. அம்மாவுக்கு. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்தே வளைந்த முதுகு. தரையில் போர்வையை மடித்துப் போட்டுப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கம்பெனி அனுப்பிய மெத்தை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தபோதே அக்கா எழுதிவிட்டாள்: ‘பல வருஷத்துக்குப் பிறகு எங்கள் அம்மா புரளாமல் தூங்கினார்.’ ஐந்தாவது இடமும் நிரம்பியது. வெளியானபின் ஒரு வருஷத்துக்கு அந்தப் பதிவில் கை வைக்கக் கூடாது, வைத்தால் காசைத் திருப்பித் தரணும், இனி வேலையும் கிடையாது. அது ஏஜென்டின் விதி.

அப்புறம் அம்மா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள்.

“என்னம்மா, சுவர் விழாம தாங்கிப் பிடிக்கிறியா?” என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிட்டாள். தையல் மெஷின் ரெண்டு நாளாக ஓடவில்லை. அவள் அறையில் போய்ப் பார்த்தேன். போர்வை அலமாரிக்குள். கட்டிலில் மெத்தை, நடுவில் அவள் படுத்த பள்ளம்.

“ஏம்மா கீழ படுக்கல?”

“எப்படிடி படுக்கறது? அவ எழுதிட்டாளே.”

“எழுதினா என்ன?”

“துணி குடுக்க வர்றவங்க எல்லாம் படிச்சிருக்காங்க. நான்தான் எல்லாருக்கும் அனுப்பினேன். நல்லா தூங்கறீங்களாமேன்னு கேக்கறாங்க. இல்லைன்னா என் பொண்ணு பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா? உடம்புதானே, பழகிக்கும். அவகிட்ட சொல்லிடாதே.”

நேரே போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். அம்மா அறைக்குப் போனாள்.

“எழுந்திரும்மா.”

“எனக்கென்ன, ராணி மாதிரி படுத்திருக்கேன்.”

“ராணி, எழுந்திரு.”

அம்மாவால் முடியவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். கீழே போர்வை விரித்துப் படுக்க வைத்ததும் அம்மா மூச்சு விட்டாள் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேசைக்கு வந்து பிளாகைத் திறந்தாள்.

“கை வெச்சா அந்தாளு இனி வேலை தர மாட்டாருக்கா.”

“தெரியும். வாய மூடு.”

நின்றபடியே அடித்தாள்: ‘எங்கள் அம்மாவுக்கு இந்த மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை. தரையில்தான் தூங்குகிறார். முதலில் நான் எழுதியது பொய்.’

அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டினேன். “பொய்னு போடணுமா? கொஞ்சம் நாசூக்கா சொல்லக் கூடாதா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நீ தூங்கும்மா!”

பட்டனை அழுத்தியதும் மறுபடி நடை. ஜன்னல், மேசை, ஜன்னல். போன் அடித்தது, பெயரைப் பார்த்துக் குப்புறக் கவிழ்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று போய் மெத்தையைக் கட்டிலிலிருந்து இழுத்தாள். அம்மாவை மிதிக்காமல் தாண்டி, வாசல் வரை கொண்டுபோனோம். மாடிப்படித் திருப்பத்தில் அது வளைந்து சிக்கிக்கொண்டது. கீழே அவள், மேலே நான், நடுவில் மெத்தை. அவள் முகம் தெரியவில்லை.

“அக்கா, இனிமே என்ன பண்ணப் போறே?”

“தெரியலடி. நீ தள்ளு.”

தள்ளினேன்.