சாட்டிக் கரையில் அண்ணனின் இடம்

நவம்பர் 2, காலை 7.15

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், வழி சொல்வதற்கு முதல் "கனடாவோ, லண்டனோ?" என்று கேட்கிறார்கள். கனடாதான். ஆனால் பிறந்தது ஊர்காவற்றுறையில் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு ஏறிக் கடல் தெரியும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டணம் நூற்று முப்பது ரூபா. தூரம் இருபத்தைந்து கிலோமீற்றர் வரும்.

கைப்பையில் ஒரு பெட்டி மெழுகுதிரி இருந்தது. ஸ்காபரோவில் இருக்கும் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. இந்த வருஷம் விமானம் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இனி எந்த வருஷமும் ஏற முடியாது என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் நாளில், சாட்டியில் அண்ணனின் இடத்தில் ஒரு திரி கொளுத்தித் தொலைபேசியில் காட்ட வேண்டும்.

அண்ணன் யேசுதாசன் போராடப் போனவன். வன்னியில் எங்கோ இறந்தான், உடல் வரவில்லை. சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் சாட்டிக் கடற்கரையோரத்தில், போராளிகளுக்கான துயிலும் இல்லத்தில் அவனுக்கும் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். எல்லாக் கல்லும் ஒரே அச்சு. அது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அடித்தளத்துச் சீமெந்து காய்வதற்குள் அலுமாரித் திறப்பின் முனையால் கடற்பக்க மூலையில் ஒரு சின்னச் சிலுவை கீறினார். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதரை நினைத்து, "அந்தோனியார் தேடி அலையக்கூடாது" என்றார். பிறகு சண்டை திரும்பவும் வந்தது. அது முடிந்தபோது கற்கள் ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை.

பண்ணைப் பாலம் தாண்டியதும் வீதியின் இருபுறமும் கடல். முழங்காலளவு தண்ணீரில் சிறகுவலைத் தடிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் இருந்த பெண் மடியில் ஒரு கட்டுச் செவ்வந்தி வைத்திருந்தார். மண்டைதீவுச் சந்தி வந்ததும் தானாகவே பேசினார்.

"முந்தி ஆமிக்காரர் இதிலை இறக்கி நடக்க விடுவினம். பையெல்லாம் கொட்டிப் பாப்பினம். இப்ப பஸ் நிக்கிறதே இல்லை. எண்டாலும் எனக்கு இந்த இடத்திலை கால் தன்பாட்டிலை எழும்பப் பாக்குது."

நான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு மாட்டித் தயாராகத்தான் இருந்தது.

காலை 9.00

ஊர்காவற்றுறைச் சேமக்காலையில் கால் வைக்க இடமில்லை. அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. கல்லறைகளுக்கெல்லாம் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அப்பா கடைசிக் காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்து இங்கேதான் படுத்திருக்கிறார். அவர் தலைமாட்டைச் சித்தியின் மகன் அல்பிரட் கழுவி வைத்திருந்தான்.

சேமக்காலை நடுவில் ஒரு பெரிய சிலுவை நிற்கிறது. கல்லறை இல்லாதவர்களுக்கு, கடலில் போய்த் திரும்பாதவர்களுக்கு, அதன் அடியில்தான் திரி கொளுத்துவார்கள். கரையூர்களில் அப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேரா? சிலுவையடி முழுவதும் மெழுகு உருகி ஓடிக் கிடந்தது.

"சாட்டிக்கு ஏன் மினக்கெட்டுப் போறீர் அக்கா? அண்ணைக்கும் இதிலையே கொளுத்தும்" என்றான் அல்பிரட். "அங்கை ஒண்டும் இல்லை. உடைஞ்ச கல்லுத்தான் கிடக்கு."

"அம்மா கேப்பா."

"கேட்டால் இதுதான் எண்டு காட்டும்."

அம்மாவை ஏமாற்றப் பார்க்கிற ஆளைப் பார். சிரித்துவிட்டு வேண்டாம் என்றேன்.

பின்நேரம் 2.40

நடுவில் துறைமுகப் பக்கம் ஒரு சுற்று நடந்தேன். எதிரே கடலுக்குள் கோட்டை, அதற்கப்பால் காரைநகர். நாங்கள் இருந்த வீட்டின் குசினிக்குள் ஒரு வேம்பு வளர்ந்து, கூரை இருந்த உயரத்தையும் தாண்டிவிட்டது. சுவரில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த ஓட்டைகளில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அம்மாவுக்கு அதைப் படம் எடுக்கவில்லை.

சாட்டிக்குப் போக, நிற்க, வர ஓட்டோ மூவாயிரம் ரூபா. ஓட்டிய பெடியனுக்கு முப்பது வயதிருக்கும்.

"குளிக்கவோ அக்கா?"

"இல்லைத் தம்பி, துயிலும் இல்லத்துக்கு."

அவன் பாட்டை நிறுத்தினான். "அதுக்கு இன்னும் நாள் கிடக்கெல்லோ?" என்று மட்டும் கேட்டான். மாத முடிவில், போராடி இறந்தவர்களை நினைக்கும் நாளில்தான் சனம் கூடுவது.

கடற்கரையில் யாழ்ப்பாணத்திலிருந்து குளிக்க வந்தவர்களின் வான் இரண்டு நின்றது. பாட்டும் பொரித்த மீன் மணமும் துயிலும் இல்லம்வரை வந்தன. அங்கே உடைந்த கற்களை ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். அடித்தளங்கள் மட்டும் மணலுக்குள் பாதி புதைந்து வரிசையாகத் தெரிந்தன. அண்ணனின் இடம் கடலோர வரிசையில், கிணற்றுக்கு நேரே. நேரே நடந்தேன்.

அங்கே ஒரு வயதான அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு. முன்னால் கூட்டித் துப்புரவாக்கிய மணலில் ஒரு சிட்டி விளக்கும் அதன் பக்கத்தில் ஒரு மெழுகுதிரியும் எரிந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது மணிநேரம் பறந்து வந்தால், இடத்தை வேறு யாரோ பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"அம்மா, இது ஆற்றை இடம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மெழுகுதிரிப் பெட்டியைத்தான் பார்த்தார்.

"நீங்கள் வேதக்காரரோ?"

"ஓம்."

"அப்ப வந்திட்டியள்" என்று சொல்லி, ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். எழும்புவதற்கு முன் உள்ளங்கையால் மணலை ஒதுக்கினார். மூலையில் அப்பாவின் சிலுவை இருந்தது.

நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன்.

அவர் பெயர் பரமேஸ்வரி, வேலணையில் தோட்டம் செய்த குடும்பம். மகன் கமலநாதனுக்கும் இங்கே ஒரு கல் இருந்தது.

"கமலன்ர இடம் எண்டுதான் முதல் வந்தனான். கிணத்துக்கு நேரை எண்டு எனக்கொரு ஞாபகம். பிறகு ஒருக்கால் புல்லுச் செருக்கேக்கை இதைக் கண்டன். அப்பத்தான் விளங்கினது, இவர் வேதக்காரப் பிள்ளை எண்டு."

"பிறகும் ஏன் வந்தனீங்கள்?"

"வேறை எங்கை போறது? கமலன்ர கல்லு எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இவருக்கும் ஒருத்தரும் வரேல்லை. எங்கட ஆக்களை எரிச்சுச் சாம்பலைக் கடலிலை கரைச்சுப் போடுவம். இருந்து அழ ஒரு இடம் கிடைச்சது எனக்கு இவனாலைதான். அதையும் விட்டிட்டு வீட்டிலை இருக்க ஏலாமல் கிடந்தது."

மாத முடிவில் அவர் வருவதில்லையாம். உரித்துக்காரர் யாராவது வந்து எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். பக்கத்து வீட்டு மேரியிடம் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, வேதக்காரர் திரி கொளுத்தும் நாளில்தான் வருவார். விளக்கு தன் மகனுக்கு, திரி இந்தப் பிள்ளைக்கு.

நேரம் நாலு மணி. கனடாவில் விடிகிற நேரம். அம்மா செபம் சொல்லிக்கொண்டு காத்திருப்பார். ஒரு திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு அழைப்பை எடுத்து, இடத்தைக் காட்டினேன். அப்பாவின் கீறலைக் கண்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் கண்ணில் விளக்குப் பட்டது.

"பக்கத்திலை ஆர்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

"அவவிட்டைக் குடு."

பரமேஸ்வரி அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தார். "நான் எழும்பிறன் அம்மா. உங்கட பிள்ளை வந்திட்டா" என்றார்.

"எழும்பாதேங்கோ. அவள் நாளைக்குப் போயிடுவாள். எனக்கு இனி வர ஏலாது. நீங்களும் எழும்பினால் அவனுக்கு ஆர் இருக்கினம்?"

பரமேஸ்வரி அம்மா காலைத் திரும்பவும் நீட்டிக்கொண்டார்.

"இவரின்ர பேர் என்ன?" என்று பரமேஸ்வரி அம்மா கேட்டார்.

"யேசுதாசன்."

"இவ்வளவு காலமும் கமலன் எண்டெல்லோ கூப்பிட்டனான். கோவிச்சிருப்பாரோ?"

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்தார். "நான் கூப்பிட்டே அவன் முதல் சத்தத்துக்கு வாறேல்லை. நீங்கள் உங்களுக்கு வாயிலை வாற பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

புறப்படும்போது பெட்டியில் மிச்சமிருந்த திரிகளைக் கொடுத்து, கமலநாதனுக்கும் ஒன்று கொளுத்துங்கள் என்றேன். அவர் அந்தக் காணி முழுவதையும் ஒரு தரம் பார்த்தார். "எதிலை வைக்கிறது பிள்ளை?" என்று ஒன்றைத் திருப்பி என் கையில் தந்தார்.

பின்நேரம் 5.30

ஸ்காபரோவில் அம்மாவுக்கு இடம் இப்போதே வாங்கி வைத்திருக்கிறோம். புல்வெளி, இலக்கம், ஒழுங்காக வெட்டிய வேலி. அங்கே யாரும் யாருடைய இடத்திலும் மாறி உட்கார வழியில்லை. அதை நினைக்க எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

ஓட்டோவை யாழ்ப்பாண வீதிக்கு விடாமல் ஊர்காவற்றுறைக்கே திருப்பச் சொன்னேன். சேமக்காலையில் சனம் கலைந்துகொண்டிருந்தது. பெரிய சிலுவையடியில் குனிந்து அந்தத் திரியைக் கொளுத்தினேன். காற்றுக்கு இரண்டு தரம் அணைந்தது. அல்பிரட் வந்து கையால் மறைத்துக்கொண்டான்.

"அண்ணையின்ர இடம் கிடைக்கேல்லையோ அக்கா?"

"கிடைச்சது. இது கமலனுக்கு."

"ஆர் கமலன்?"

"அண்ணையோடை இருக்கிறவர்" என்றேன்.