கருக்காத இடம்

தஞ்சாவூரில் நான் ஸ்டுடியோ வைத்திருந்தபோது, தான் சேர்த்த பழைய வெள்ளிக் காசுகளைப் படமெடுக்க ஒரு மிராசுதார் வருவார். மடிப்புக் கலையாத வேட்டி. காசை விளிம்பில் மட்டுமே பிடிப்பார். ஃபிளாஷ் கூடாது என்பார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்தால்தான் காசில் ஏறிய நீலமும் செம்மையும் படத்தில் விழும். யார் காசு கொண்டுவந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "எந்த ஊரு?" களிமண்ணில் கிடந்தது ஒரு மாதிரி கருக்குமாம், கடலோரத்துக் காசு வேறு மாதிரி.

கூலி உயர்த்திக் கேட்டவர்களின் குடிசைகள் எரிந்த காலம் அது. வயல்வேலை செய்யும் பெண் ஒருத்தி ஒரு வெள்ளி ரூபாயோடு வந்து, அதைப் படமெடுத்து ஃபிரேம் போட்டுத் தரச் சொன்னாள். அன்று அங்கிருந்த மிராசுதார் கை நீட்டி வாங்கி ஜன்னலருகே சாய்த்துப் பார்த்தார்.

"தானா கருத்ததில்ல இது," என்றார் என்னிடம். "தானா கருத்தா விளிம்புலேர்ந்து மெல்ல உள்ள பரவும். இது வெட்டுன மாதிரி நிக்குது பாருங்க. யாரோ விரலால மறைச்சு நெருப்புல காட்டியிருக்காங்க."

"ஆமாங்க, அது எங்கம்மா விரலுங்க," என்றாள் அவள். "எரிஞ்ச வீட்டுல, மூடியிருந்த கையைப் பிரிச்சு எடுத்தோம். அம்மாவுக்கு வேற போட்டோ கிடையாதுங்க."

அவர் காசை மேஜைமேல் வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அவர் சொல்லித்தந்த மாதிரியே படமெடுத்தேன். விரல்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, துல்லியமாக விழுந்தது.

எந்த ஊர் என்று அவளிடம் மட்டும் அவர் கடைசிவரை கேட்கவில்லை.