ஊர்க் கழுத்தெல்லாம் ஏறிய ஆரம்

வினோலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. நாசரேத்தில் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் சித்தப்பா முறுக்கைக் கடிக்க முடியாமல் திண்டாடியதைப் பார்த்துச் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று பிராங்ளின் ஒற்றைக்காலில் நின்றான். டெல்லியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தச் சிரிப்புக்காக மேட்ரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மாதம் கிடையாது. நோயாளிகளுக்கு மட்டும் அவள் ஊசி போட வந்தால்தான் திருப்தி.

தங்கை லிடியாவுக்கு ஷார்ஜாவில் கல்யாணம் என்று முடிவானதும், ஜனக்புரியில் கீழ்வீட்டு சாவித்திரியக்கா தன் ஆரத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். அந்த அடுக்குவீடுகளில் அது வழக்கம். யார் வீட்டு விசேஷமானாலும் ஆரம் கிளம்பிவிடும். சாவித்திரி பாங்கில் வேலை பார்ப்பவர், தனிக்கட்டை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்த நகை அது.

"பொண்ணோட அக்கா கழுத்து மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்? கொண்டு போ," என்றார்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் நகையைக் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று முடிந்தது. இரவல் வாங்கிய நகையை வேர்வையும் அழுக்குமாகவா திருப்பிக் கொடுப்பது? பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தாள் வினோலியா. ஆரம் நேற்றுச் செய்தது போலப் பளபளத்தது. லிடியா தன் பங்குக்கு, தான் அங்கே வாங்கிய நகையோடு வந்த சிவப்பு வெல்வெட் பெட்டியில் அதைப் பத்திரமாக வைத்துக் கொடுத்தாள். பெட்டியின் மேல் ஷார்ஜா நகைக்கடையின் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது.

டெல்லியில் இறங்கி, தீர்வை கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் அவள் ஜம்மென்று நடந்தாள். ஒரு பெண் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டியைத் திறந்தார்.

"புதுசு," என்றார் இந்தியில்.

"பழசு மேடம்."

"உன்னோடதா?"

வினோலியா ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. "இல்ல, கீழ்வீட்டு அக்காவோடது," என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. கடைப் பெட்டி, மின்னுகிற ஆரம், எங்கேயோ இருக்கிற கீழ்வீட்டு அக்கா. கைதேர்ந்த கடத்தல்காரிகூட இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பாள். பாழாய்ப்போன சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "சிரிப்பா வருது? போட்டுப் பழகின நகைன்னா ஆதாரம் காட்டு. இல்லேன்னா ஆரம் இங்கேயே இருக்கும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. வெறுங்கையோடு போய் அந்த அக்கா முகத்தில் எப்படி விழிப்பாள்? போனைப் போட்டாள்.

"அக்கா, உங்க ஆரத்தைப் புதுசுன்னு பிடிச்சு வச்சிருக்காவ. பழைய போட்டோ இருந்தா ஜல்தி அனுப்புங்கக்கா."

போன் டிங் டிங்கென்று அலற ஆரம்பித்தது. மணிவிழாவில் அதே அடுக்குவீட்டுக் குஞ்சம்மாள், கழுத்தில் ஆரம். வளைகாப்பில் பக்கத்துவீட்டு தங்கம்மா, கழுத்தில் ஆரம். மணக்கோலத்தில் அகல்யா. எதிர்வீட்டு சர்தார்ஜியின் மருமகள்கூட லெஹங்காவுக்கு மேல் அதைத்தான் போட்டிருந்தாள். கழுத்துதான் மாறியது, ஒரு சிவப்புக்கல் உதிர்ந்துபோன மயில் பதக்கம் மாறவில்லை. அதிகாரி பெட்டியிலிருந்த பதக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அதே இடத்தில் அதே பொட்டல். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "இந்த ஆரத்துக்கு இதுவரைக்கும் எத்தனை கல்யாணம் ஆயிருக்கு?" என்றார். அவ்வளவுதான், அதிகாரியும் சிரித்துவிட்டார். வினோலியாவைச் சொல்லவே வேண்டாம், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அச்சா, பழசுதான். அடுத்த தடவை போகும்போதே காட்டிட்டுப் போ," என்று பெட்டியைத் தள்ளியவர், போனைப் பார்த்துக் கேட்டார்: "இதுல ஆரத்துக்குச் சொந்தக்காரி யாரு?"

வினோலியா மறுபடி போனைப் போட்டு அதை சாவித்திரியிடம் கேட்டாள்.

"நான் எப்படி அதுல இருப்பேன்? எல்லாத்தையும் எடுத்ததே நான்தானே," என்றார் சாவித்திரி.

வினோலியாவும்தான் எத்தனை விசேஷங்களில் அந்த அக்காவின் போனுக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டியிருக்கிறாள். அக்காவையும் ஒரு போட்டோ எடுப்போம் என்று ஒருநாளாவது தோன்றியதா?

ஜனக்புரி வந்ததும் தன் வீட்டுக்குப் போகவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். நைட்டியோடு, கையில் தோசைத் திருப்பியோடு கதவைத் திறந்தார் சாவித்திரி. பெட்டியை நீட்டாமல், ஆரத்தை எடுத்து அவர் கழுத்திலேயே மாட்டினாள் வினோலியா.

"ஏய், பைத்தியம். தலைகூட வாரலை நான்."

"பேசாம சிரிங்கக்கா," என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். தோசைத் திருப்பியும் ஆரமுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்து இவளுக்கே சிரிப்பு பீறிட்டது. கை கிடுகிடுவென்று ஆட, ஒருவழியாக எடுத்து முடித்தாள்.

சாவித்திரி மயில் பதக்கத்தைத் தடவி நேராக்கிக்கொண்டார். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"அது ஆடிப்போயிருக்கும்," என்றார். "இன்னொண்ணு எடு."