திருக்கை வால் பக்கிள்

என் தோல்பைகளுக்கு வீட்டிலேயே பித்தளைப் பக்கிள் வார்க்கிறேன் என்று சொன்னால், சனம் முதலில் என் கையைத்தான் பார்க்கும். பார்க்கட்டும். முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது.

அச்சுக்கு நான் எடுப்பது கணவாய் மீனின் வெள்ளை ஓடு. மாரி முடிந்தால் கரையில் வேண்டிய மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். இரண்டு ஓடுகளை ஒன்றோடொன்று தேய்த்துத் தட்டையாக்கி, உட்புறத்தில் ஒரு திருக்கை மீனின் வடிவத்தைக் குடைவேன். அதன் வால்தான் கொக்கி. ஓடுகளைச் சேர்த்துக் கம்பியால் கட்டி, உருகிய பித்தளையை ஊற்ற வேண்டும். வெயிலில் வெளுத்துக் கிடந்த ஓடு காய்ந்துதான் இருக்கும் என்று நம்பி முதல்முறை ஊற்றினேன். உள்ளே ஈரம். பித்தளை சீறிக்கொண்டு என் கையில் தெறித்தது.

"இஞ்சரும், உமக்கென்ன விசரே? கடையில கிடக்கிற சாமானுக்கு ஏன் கையைச் சுடுறீர்?" என்றார் கணவர், மருந்து பூசிக்கொண்டே.

"கடையில திருக்கை விக்கினமோ?" என்றேன்.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாதாம். நான் போனேன். ஓடுகளைத் தகரக் கூரையில் நன்றாகக் காயவைத்து, பின்வளவில் சிரட்டைக்கரி மூட்டி, ஹெயார் டிரையரால் ஊதி, உடைந்த பித்தளைக் குழாய்களை உருக்கினேன். வந்தது பாருங்கள் ஒரு திருக்கை! ஓட்டின் மெல்லிய வரிகள் அதன் முதுகில் அப்படியே விழுந்திருந்தன, வற்றுக்கடல் மணலைப்போல. அந்த வரிகளை நான் அரத்தால் தொடவில்லை.

இந்த ஊரில் என் பைகளை எடுப்பது ஒரேயொரு கடைதான். முதலாளி பக்கிளைத் தடவிப் பார்த்தார்.

"வரி வரியாக் கிடக்கு தங்கச்சி. பழுதெண்டு சனம் நினைக்கும். வழவழப்பாச் செய்யுங்கோவன்."

"அது ஏலாது அண்ணை. அந்த வரிதான் என்ர வேலை."

சிரித்துவிட்டு, விற்றால் காசு தருவதாகப் பைகளை வாங்கி வைத்தார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கிழமை அந்த வழியால் போனபோது கண்ணாடிக்குள் என் பைகள். எல்லாவற்றிலும் பளபளக்கும் ரெடிமேட் பக்கிள். உள்ளே போய்ப் பார்த்தால், என் திருக்கைகள் மேசைக்கடியில் ஒரு தகரப் பேணிக்குள் கிடந்தன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீங்கள்?"

"உங்கட நன்மைக்குத்தான்..."

"என்ர நன்மையை நான் பாப்பன். எல்லாத்தையும் எடுத்துத் தாங்கோ."

"கொண்டுபோய் ஆருக்குக் குடுக்கப் போறியள்? வேற ஆர் எடுப்பினம்?"

பயமாகத்தான் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் இரண்டு தோளிலும் பைகளைப் போட்டு, பேணியைக் கையில் பிடித்தபடி உட்துறைமுக வீதியால் நடந்தேன். பார்த்தவர்களெல்லாம் பார்த்தார்கள்.

வீட்டில் அந்தப் பளபளப்பைக் கழற்றினேன். ஒவ்வொரு பையிலும் அதற்காகக் குத்திய இரண்டு பெரிய ஓட்டைகள். என் பழைய திருக்கை அவற்றை மூடப் போதாது. கணவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடு காய்ஞ்சது இருக்கோ?" என்றார்.

"ஓம்."

அவரே ஹெயார் டிரையரை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

பழைய திருக்கைகளோடு மிச்சக் குழாய்களையும் சேர்த்து உருக்கினோம். இந்தமுறை செட்டை இரண்டு ஓட்டைகளையும் மூடும்படி அகலமாகக் குடைந்தேன். வரிகள் முன்னையதைவிடத் தெளிவாக விழுந்தன. பின்புறத்தில் சேர்த்தே வார்த்த ஆணிகளை ஓட்டைகளுக்குள்ளால் விட்டு, தோலோடு மடித்து அடித்தேன். இனி என் திருக்கையைக் கழற்ற நினைப்பவர் பையைக் கிழித்துத்தான் கழற்ற வேண்டும்.