பட்டுநூல் கட்டிய பல்

நாற்காலியில் அம்மா சாய்ந்திருந்தாள். அப்பா நின்றிருந்தார். முசரவாக்கத்திலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஸ்டூலில். பல் டாக்டரம்மா. அப்புறம் நான், இரண்டாம் வகுப்பு.

அம்மாவுக்குக் கீழ்வரிசை முன்பல் இரண்டு ஆடின. எல்லாவற்றையும் பிடுங்கிவிடு என்றாள் அத்தை. அவளுடையது செட்டுப் பல். முறுக்கு தின்னும்போது மட்டும் கழற்றி வைப்பாள். அம்மாவுக்குப் பிடுங்க மனசில்லை. தலையில் ஒரு நரைகூட இல்லாத வயசு.

அப்பா தறிக்காரர். பட்டு இழையை முறுக்கி, ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு கட்டிவிட்டார். முடிச்சு கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நாளில் ஈறு வீங்கிவிட்டது. அதனால்தான் இங்கே வந்தோம்.

டாக்டரம்மா வாய்க்குள் பார்த்தார்.

"யாருங்க இதக் கட்டினது?"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்குது. நூலுக்கு அடியிலதான் அழுக்கு சேர்ந்துக்கினே போவுது."

நூலை வெட்டினார். ஆடுகிற பல்லுக்கு மெஷின் வேண்டாம், பல்லில் இறுகிப் படிந்த காரையைக் கையாலேயே எடுக்கிறேன் என்றார். வெளியே தெரிந்த காரைக்குக் கூர்மூக்குக் கருவி. ஈறுக்கு அடியில் போக, மூக்கு உருண்டையான வேறொரு கருவி. கூரானது உள்ளே போனால் சதையைக் கிழிக்குமாம். பேனா மாதிரிப் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றினார். இடது கை விரல் ஆடுகிற பல்லைத் தாங்கியது. அடியிலிருந்து மேலே, சின்னச் சின்ன இழுப்பு. பழுப்புச் சில்லுகள் தட்டில் விழுந்தன.

அம்மா கண்ணாடியில் பார்த்தாள். பல்லுக்குப் பல் சந்து.

"இருந்ததையும் செதுக்கிட்டாங்க. நான் சொன்னா யாரு கேக்கறீங்க" என்றாள் அத்தை.

"அது பல்லு இல்லமா, காரை. அது அடைச்சுக்கினு இருந்த எடம்தான் இப்ப தெரியுது."

பிறகு மெல்லிய கம்பியால் பற்களைச் சேர்த்துக் கட்டினார். அப்பா கட்டியிருந்த அதே இடம்.

"எடம் நீங்க காட்டினதுதாங்க" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் நம்பவில்லை. விழுந்ததெல்லாம் பல் என்றே நினைத்தேன். யாரும் பார்க்காதபோது பெரிய சில்லு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நீட்டி, ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். அவள் எப்போதும் முந்தானையால் வாயை மறைத்துத்தான் சிரிப்பாள். அன்றைக்கு மறைக்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. மிச்சம் எத்தனை என்றுதான் எட்டிப் பார்த்தேன். கீழே முன்பல் ஆறும் அப்படியே இருந்தன.